சிள்வண்டுக்கு நாக்கு உண்டா? – பூச்சிகளும் நகைச்சுவைப் பாட்டுக்களும் பற்றிச் சில குறிப்புகள்

1

நான் வேலை செய்யும் தொழிற்சாலை பாரிசின் புறநகர் ஒன்றில் இருக்கிறது. மாப்பண்டங்கள் செய்து பெட்டியில் அடைத்து அனுப்புவது அதன் தொழில். சில காலத்துக்கு முன் இரவு வேலையில் எங்களுடன் ஒரு இளைஞன் நின்றான். மாலி நாட்டிலிருந்து வந்தவன், தற்காலிக ஒப்பந்தக்காரன். பெட்டிகள் வரிசையாக ஓடி வரும்போது அவற்றின் தாளத்துக்கு ஏற்பப் பாடிக்கொண்டே வேலை செய்வான். அவன் பாடினால் எங்களுக்கும் கை வேகமாக ஓடும். அதை யாரும் கணக்கில் எடுத்ததில்லை.

ஒரு மாத முடிவில் அவனுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கடைசி நாள் விடியற்காலை உடுப்பு மாற்றும் அறையில் நின்று, அடுத்த மாதம் வரை ஒரு சிறு தொகை கைமாற்றாகக் கிடைக்குமா என்று பொதுவாகக் கேட்டான். எங்களில் மூத்த தொழிலாளி ஒருவர், பொல்லாத மனிதரும் அல்லர், லா ஃபொந்தேனின் கதையில் எறும்பு சிள்வண்டுக்குக் கடைசியாகச் சொல்லும் பதிலைச் சொன்னார். பிரான்சில் பாடசாலைக்குப் போன எவருக்கும் அது மனப்பாடம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த இளைஞனும் சிறிது சிரித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

நான் சிரித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மேற்பார்வையாளர் என்னைச் சில வேளைகளில் 'எறும்பு' என்று கூப்பிடுவார். மேலதிக நேரத்துக்கு மறுப்புச் சொல்லாத தமிழனுக்கு அவர் கொடுத்த பட்டம். அது எனக்கு உள்ளூரப் பெருமையாகவே இருந்தது. அதனால் சிரிக்கும்போது நான் யாருடைய பக்கம் நிற்கிறேன் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்தபின் நித்திரை வரவில்லை. ஊரில் நான் விலங்கியல் விரிவுரையாளனாக இருந்தவன். பூச்சிகள்தான் எனது பாடம். அந்த அறையில் நின்றவர்களில் சிள்வண்டையும் எறும்பையும் பற்றி அதிகம் தெரிந்தவன் நானாகத்தான் இருந்திருப்பேன். அந்தக் கதை பூச்சிகளைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் பொய் என்பதும் எனக்குத் தெரியும். எனது அறிவு அந்தச் சிரிப்பை ஒரு கணமாவது தடுக்கவில்லை. வேடிக்கையான ஒரு செய்யுளுக்கு இருக்கும் பலம் அதுதான். அந்தப் பலத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை.

பிள்ளைகளுக்குப் பூச்சிகள் மீது ஆர்வத்தை உண்டாக்க வேண்டுமானால் நகைச்சுவைப் பாட்டு நல்ல வழி என்று பலர் சொல்கிறார்கள். நானும் அதை ஏற்கிறேன். ஆனால் எந்தச் சிரிப்பு பிள்ளையைப் பூச்சியிடம் கொண்டுபோய் விடுகிறது, எந்தச் சிரிப்பு பூச்சியை மறைத்துவிடுகிறது என்பதை நாம் பிரித்துப் பார்த்ததில்லை. நான் வாழும் நாட்டின் மூன்று பிரதிகளைக் கொண்டு அதைப் பார்க்க முயல்கிறேன்.

2

லா ஃபொந்தேனின் கதைப்பாடல்களின் முதற் தொகுதி 1668இல் வெளியானது. அதன் முதலாவது பாடலே சிள்வண்டும் எறும்பும். 22 வரிகள்தான். எனது கடைசி மகள் ஏழு வயதில் அதைப் பாடமாக்கிக்கொண்டு வந்து குசினியில் நின்று ஒப்புவித்தாள். சந்தமும் உரையாடலும் எவ்வளவு இலகுவாக அதில் ஓடுகின்றன என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அதன் கலைத்திறனை மறுக்க நான் வரவில்லை. கடன் கொடுக்காமை அந்த எறும்பின் குறைகளில் ஆகச் சிறியது என்று கவிஞர் போகிற போக்கில் சொல்வதில் ஒரு கூர்மையான குத்தல் இருக்கிறது. அவர் எறும்பின் பக்கம் முழுமையாக நின்றார் என்று சொல்ல முடியாது. ஆனால் வகுப்பறையில் அந்தக் குத்தல் காணாமற் போய், கடைசிப் பதில் மட்டுமே மிஞ்சுகிறது.

பூச்சியியலாளனாக வாசித்தால் கதை வரிக்கு வரி இடறுகிறது. குளிர்காற்று வீசும் காலத்தில் சிள்வண்டு எறும்பின் வாசலுக்கு வருகிறது. அந்தக் காலத்தில் வளர்ந்த சிள்வண்டு எதுவும் உயிரோடு இல்லை. அது தானியம் கேட்கிறது. அதன் வாய் மரச்சாற்றை உறிஞ்சும் ஊசி. தானியத்தைக் கொடுத்தாலும் தின்ன முடியாது. தன்னிடம் ஈயோ புழுவோ ஒரு துண்டும் இல்லை என்று கவலைப்படுகிறது. அவற்றை அது ஒருபோதும் உண்டதில்லை. அடுத்த ஓகஸ்ட்டுக்கு முன் வட்டியும் முதலுமாகத் திருப்பித் தருவேன் என்று சத்தியம் செய்கிறது. செத்தவர் கடன் அடைப்பதில்லை. பிரெஞ்சு மொழியில் சிள்வண்டு பெண்பால். அதனால் கவிஞர் அதைப் பெண்ணாக்கி, பாடினாய் என்று ஏச வைக்கிறார். சிள்வண்டில் பாடுவது ஆண் மட்டுமே. பெண் வாய் திறவாதவள்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. மூலக்கதை கிரேக்கத்தின் ஈசாப்புக்கு உரியதாகச் சொல்லப்படுவது. அங்கே அது சிள்வண்டு. கதை வடக்கே போகப்போக, சிள்வண்டு அரிதான நாடுகளில், அது வெட்டுக்கிளியாக மாறியது. கிரான்வில் 1838இல் வெளிவந்த பதிப்புக்கு வரைந்த புகழ்பெற்ற படத்திலும் சிள்வண்டின் இடத்தில் நிற்பது வெட்டுக்கிளிதான். ஆங்கிலத்திலும் வெட்டுக்கிளி. ஆங்கிலத்தின் வழியாக எமக்கு வந்தபோது அது 'எறும்பும் வெட்டுக்கிளியும்' ஆயிற்று. மாரி தொடங்க முன் பனங்காணிகளில் காது அடைக்கச் சிள்வண்டு கத்தும் ஊரில் பிறந்த நாங்கள், அதைப் பற்றிய கதையைத் தத்துவெட்டியின் கதையாகப் படித்து வளர்ந்தோம். நீதி பத்திரமாக வந்து சேர்ந்தது. பூச்சி வழியில் தொலைந்துவிட்டது. நீதிக்காகப் பூச்சியைப் பாவிக்கும் பாட்டில் எந்தப் பூச்சி என்பது ஒரு பொருட்டே அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

நீதியாவது தேறுகிறதா? 1762இல் வெளியான 'எமில்' நூலில் ரூஸோ இக்கதைப்பாடல்களைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதைக் கடுமையாக எதிர்த்தார். சிள்வண்டைப் பார்த்துப் பிள்ளை பாடம் கற்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், ஆனால் பிள்ளை எறும்பையே தன் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளும் என்பது அவரது வாதம். யாருக்குத்தான் தோற்றவனின் இடம் பிடிக்கும்? கொடாமையையும், கொடாதபோது கிண்டல் செய்வதையும் சேர்த்தே பிள்ளை படிக்கிறது என்றார் அவர். எங்கள் உடுப்பு மாற்றும் அறையில் நடந்ததை அவர் இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பே எழுதிவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

3

இரண்டாவது பிரதி ழான்-ஹென்றி ஃபாப்ருடையது. 1823இல் பிறந்து 1915இல் இறந்தவர். அவருடைய 'பூச்சியியல் நினைவுகள்' 1879 முதல் 1907 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. அவரை நான் பூச்சியியலாளராக மட்டும் பார்ப்பதில்லை. அவரும் வேலை இழந்த ஆசிரியர். அவிஞ்ஞோனில் பெண்பிள்ளைகளும் வந்திருந்த இலவச வகுப்புகளில் பூக்கள் கருக்கட்டுவதைப் பற்றிப் படிப்பித்தார் என்பதற்காகப் பழமைவாதிகளின் எதிர்ப்புக்கு ஆளாகி, 1870இல் குடும்பத்தோடு ஓரஞ்சுக்குப் போனவர். பாடநூல்கள் எழுதிப் பிழைத்து, 56ஆவது வயதில்தான் செரிஞ்ஞோன் கிராமத்தில் தனக்கென ஒரு தரிசு நிலத்தை வாங்கினார்.

1897இல் வந்த ஐந்தாம் தொகுதியில் அவர் லா ஃபொந்தேனுக்குப் பதில் சொல்கிறார். ஜூலை மாத நண்பகலில், மற்றப் பூச்சிகள் தாகத்தால் வாடி அலையும்போது, சிள்வண்டு மரப்பட்டையில் ஊசியை இறக்கிச் சாறு குடிக்கிறது. குடித்துக்கொண்டே பாடுகிறது. துளையோரம் கசியும் சாற்றுக்கு ஈக்களும் குளவிகளும் வருகின்றன. எல்லோரிலும் அடாத்தானவர்கள் எறும்புகள். அவை சிள்வண்டின் காலைக் கடிக்கின்றன, முதுகில் ஏறுகின்றன, ஊசியையே பிடித்து இழுக்கின்றன. கடைசியில் சிள்வண்டு அவற்றின் மேல் சிறுநீரைப் பாய்ச்சிவிட்டுப் பறந்துபோக, கிணறு எறும்புகளுக்குச் சொந்தமாகிறது. ஐந்து கிழமையளவு பாடிவிட்டுச் சிள்வண்டு செத்து விழுந்ததும், அதே எறும்புகள் உடலைத் துண்டாக்கி இழுத்துச் செல்கின்றன. பிச்சைக்காரர் யார், உழைப்பாளி யார் என்பது அப்படியே தலைகீழாகிறது.

ஃபாப்ர் இதோடு விடவில்லை. இதே காட்சியைப் பிரெஞ்சில் அல்லாமல் ப்ரொவான்ஸ் மக்களின் மொழியில் ஒரு நீண்ட வேடிக்கைப் பாட்டாகவும் சேர்த்தார். ஒரு நண்பர் எழுதியது என்று சொல்லித்தான் தருகிறார். அது அவரே எழுதியது என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்டது. அந்த வட்டாரக் கவிஞர்கள் அவருக்குப் பூச்சிகளின் பாவலன் என்ற பொருளில் ஒரு பட்டமே கொடுத்திருந்தார்கள். இன்னொரு செய்யுள் பரப்பிய பொய்யை வசனத்தால் மட்டும் வெல்ல முடியாது, செய்யுளால்தான் எதிர்கொள்ள வேண்டும் என்று இந்த விஞ்ஞானி உணர்ந்திருந்தார். ஊரவரின் வாயில் இருந்த மொழியில் சொன்னால்தான் ஏறும் என்பதையும் அறிந்திருந்தார். விரிவுரை மண்டபத்தில் நான் ஒருநாளும் விளங்கிக்கொள்ளாத விடயங்கள் இவை.

ஆயினும் அந்தப் பாட்டை நான் முழுமையாக ஏற்கவில்லை. முதற் பாதியில் வெய்யிலும் தாகமும் சாறும் சண்டையும் கண்ணில் தெரிகின்றன. அங்கே சிரிப்பு உண்மையான பூச்சியிலிருந்து பிறக்கிறது. பிற்பாதியில் கவிஞர் பணப்பெட்டியால் உலகை ஆள்பவர்களை, வளைந்த விரல்களும் பருத்த வயிறும் உடையவர்களைத் திட்டத் தொடங்குகிறார். எனது அரசியல் அவருடைய பக்கம்தான். ஆனால் அந்தக் கணத்தில் எறும்பு மீண்டும் எறும்பாக இல்லாமல் வட்டிக்காரன் ஆகிவிடுகிறது. நீதி மாறியிருக்கிறது, பூச்சி மறுபடியும் தொலைகிறது. எங்கள் முற்போக்கு இலக்கியத்தில் நாம் பல தடவை செய்த பிழையும் இதுவே.

ஃபாப்ரின் அவதானங்களும் முடிந்த முடிபல்ல. சிள்வண்டுக்குக் காது கேட்குமா என்று அறிய, ஊர்த் திருவிழாவில் வெடிக்கும் இரண்டு வெடிகுழல்களை இரவல் வாங்கி மரத்தடியில் வெடித்துப் பார்த்தார். பாட்டு நிற்கவில்லை. அதனால் அது கிட்டத்தட்டச் செவிடு என்று முடிவு கட்டினார். சிள்வண்டுக்குச் செவிப்பறை உண்டு, தன் இனத்தின் சுருதியையே அது முக்கியமாகக் கேட்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. எறும்பு தானியம் சேர்க்கும் என்பதும் முழுப் பொய் அல்ல. மத்தியதரைக் கரையில் விதை சேர்க்கும் எறும்புகள் உண்டு என்பதை மொக்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர் மோந்தோனில் இருந்து அவதானித்து 1873இல் நூலாக்கினார். விதை சேர்க்காத எறும்புகளையே கண்டிருந்த வட ஐரோப்பிய அறிஞர்கள் அதுவரை பழங்கதையைப் பொய் என்று ஒதுக்கியிருந்தார்கள். பிழை திருத்துபவனும் பிழை விடுவான். இதை எனக்கும் சேர்த்தே சொல்கிறேன். காரணம் பின்னால் வரும்.

4

மூன்றாவது பிரதி ரொபேர் தெஸ்னோஸ் பிள்ளைகளுக்காக எழுதிய முப்பது பாட்டுக்களில் ஒன்று. அந்தத் தொகுதி 1944இல் வந்தது. அதே ஆண்டு பெப்ரவரி 22ஆம் திகதி நாசிகளின் காவல்துறை அவரைக் கைதுசெய்தது. 1945 ஜூன் 8ஆம் திகதி, முகாம் விடுவிக்கப்பட்ட பின்னர், தெரெசீனில் நோயால் இறந்தார். அவருடைய எறும்பு 18 மீற்றர் நீளமானது. தலையில் தொப்பி வைத்திருக்கிறது. பறவைகள் நிறைந்த வண்டி ஒன்றை இழுக்கிறது. மூன்று மொழிகள் பேசுகிறது. அப்படி ஒன்று கிடையாது என்று பாட்டே இடையிடையே சொல்லி, கடைசியில் ஏன் கிடையாது என்று கேட்டு நிற்கிறது. கொஸ்மா இசையமைத்து ஜூலியெத் கிரெக்கோ பாடியதால் பெரியவர்களுக்கும் அது தெரியும். அந்த நீண்ட எறும்பை ஆட்களை ஏற்றிச் சென்ற புகைவண்டியாக வாசிப்போரும் உண்டு. அந்த வாசிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அது எறும்பை மறந்துவிடச் செய்யுமானால் எனக்கு வருத்தம்.

இந்தப் பாட்டில் எறும்பு உழைப்பைப் போதிக்கவில்லை. சேமிக்கச் சொல்லவில்லை. யாரையும் வாசலில் நிறுத்தி ஏசவில்லை. பாட்டில் இருப்பது ஒரு பெரிய பொய் மட்டும்தான். பொய் என்று பிள்ளைக்கும் தெரிந்த பொய். லா ஃபொந்தேன் பொய்யை உண்மை போலத் தருகிறார். தெஸ்னோஸ் பொய்யைப் பொய்யாகவே தந்து, ஏன் என்ற சொல்லைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். ஒரு விலங்கியல் ஆசிரியனுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

ஏன் கிடையாது? கணக்குப் பார்க்கலாம். ஒரு சென்ரிமீற்றர் நீளமான கட்டெறும்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிறை ஏறக்குறைய 10 மில்லிகிராம் என்று வைப்போம். 18 மீற்றர் என்றால் 1800 மடங்கு நீளம். காலின் குறுக்குவெட்டுப் பரப்பு 1800ஐ 1800ஆல் பெருக்கினால் வருவது, அதாவது 32 இலட்சத்து 40 ஆயிரம் மடங்கு கூடும். நிறையோ இன்னொரு தடவை 1800ஆல் பெருகி 583 கோடி மடங்கைத் தாண்டும். எறும்பு 58 தொன் நிற்கும். காலின் ஒவ்வொரு சிறு பரப்பும் முன்பு சுமந்ததைப் போல 1800 மடங்கு சுமக்க வேண்டும். தொப்பி வைக்க முன்பே கால்கள் நொருங்கிவிடும். உருவம் பெருக்கப் பெருக்க எலும்பு ஏன் விகிதத்துக்கு மேலாகத் தடிக்க வேண்டும் என்பதைக் கலிலியோ 1638இலேயே விளக்கியிருக்கிறார்.

கால் தப்பினாலும் மூச்சு தப்பாது. பூச்சிக்கு நுரையீரல் இல்லை. உடலின் பக்கங்களில் உள்ள துளைகளால் நுழையும் காற்று நுண்குழாய்கள் வழியாக நேரே தசைக்குப் போகிறது. குறுகிய தூரத்துக்கு இது அற்புதமான ஒழுங்கு. தூரம் கூடினால் ஒட்சிசன் போய்ச் சேராது. பூமியில் வாழ்ந்த மிகப் பெரிய பறக்கும் பூச்சிகளில் ஒன்றின் சுவடு 1880இல் பிரான்சின் கொமோந்திரி நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்தது. தும்பியின் தூரத்து உறவு. சிறகு விரித்தால் 65 சென்ரிமீற்றருக்கு மேல். அது பறந்த காலம் ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அன்று வளிமண்டலத்தில் ஒட்சிசன் இன்றைவிடக் கூடுதலாக இருந்தது அதன் பருமனுக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஒரு கோமாளிப் பாட்டு எங்களை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது பாருங்கள். பாட்டில் இந்த விஞ்ஞானம் எதுவும் இல்லை. ஆனால் இதற்கான வாசல் இருக்கிறது.

5

எமது மரபில் இப்படி ஏதாவது உண்டா? குறுந்தொகையின் தும்பி அழகானது, ஆனால் அது தலைவனின் கேள்விக்குச் சாட்சி சொல்ல அழைக்கப்பட்டது. காளமேகத்திடம் ஈ ஏற மலை குலுங்குமாறு பாடச் சொன்னார்களாம். இடைச்சி அடித்த புண்ணில் ஈ மொய்க்க நாராயணன் துடித்தான், அதனால் மலையும் கடலும் அசைந்தன என்று பாடி வென்றார். அந்தக் கற்பனையை நான் இன்றும் வியக்கிறேன். ஆனால் அங்கே வென்றது புலவரின் சாமர்த்தியம். ஈ ஒரு சாட்டு. எமது பிள்ளைப் பாடல்களில் நகைச்சுவைக்குப் பஞ்சமில்லை. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் கத்தரி வெருளியும் தாடி அறுந்த வேடனும் இன்றும் புலம்பெயர்ந்த பிள்ளைகளைச் சிரிக்க வைக்கின்றன. பூச்சி என்று வந்ததும் மட்டும் நாங்கள் எறும்பைப் பார், தேனீயைப் பார் என்று விரலை நீட்டிவிடுகிறோம்.

ஒரு விதிவிலக்கு நாட்டார் வழக்கில் இருக்கிறது. வீடு மெழுகும்போது தன் பெயரை மறந்துபோன ஈயின் கதை. அது கன்றிடம் கேட்கிறது, பசுவிடம் கேட்கிறது, மேய்ப்பவனிடம், அவன் கைத் தடியிடம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சேர்த்துக் கேட்டுப் போகிறது. கடைசியில் குதிரையின் கனைப்பில் அதன் பெயர் கிடைக்கிறது. இதில் நீதி இல்லை. ஓயாமல் திரும்பத் திரும்ப வந்து இருக்கும் ஒரு ஈயின் இயல்பு அந்த அடுக்குக் கேள்விகளில் அப்படியே இருக்கிறது. யாரோ ஒரு கிழவி ஈயை நன்றாகப் பார்த்திருக்கிறாள். எங்களைப் போன்றோர் இக்கதையை அடையாள இழப்பின் குறியீடாக வாசிக்க ஆசைப்படுவோம். அந்த ஆசையைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு, அது முதலில் ஈயைப் பற்றிய கதை என்று வாசித்தால் நல்லது.

எனது பாவத்தையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் நான் பூச்சியியல் படிப்பித்தேன். கரப்பானின் வாயுறுப்புகளை இடுக்கியால் பிரித்துக் கண்ணாடித் தட்டில் ஒட்ட வைத்தேன். வரிசைகளின் இலத்தீன் பெயர்களைப் பாடமாக்க வைத்தேன். வெளியே மரத்தில் சிள்வண்டு கத்தினால் யன்னலைச் சாத்தச் சொன்னேன். மாணவர்கள் நல்ல புள்ளிகள் எடுத்தார்கள். அவர்களில் ஒருவராவது பூச்சியைப் பார்த்து ஒரு தடவை சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

6

இதை எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் கோபித்தார். "நாங்கள் கண்டதையும் பட்டதையும் விட்டிட்டு இப்ப பூச்சிக்குப் பாட்டோ?" என்றார். அவருடைய கோபம் நியாயமற்றதல்ல. ஆனால் நான் அவருக்குச் சொன்னது இது. 1994இல் றுவாண்டாவில் துட்சி மக்களைக் கொல்ல முன் அவர்களைக் கரப்பான் என்று வானொலியில் அழைத்தார்கள். ஒருவனைப் பூச்சி என்று அழைத்தால் நசுக்கலாம் என்று எல்லோருக்கும் உடனே விளங்குவது எப்படி? பூச்சி என்றால் நசுக்க வேண்டியது என்பதை அதற்கு முன்பே நாங்கள் படித்துவிட்டோம். எங்களுடைய இயக்கங்களும் மனிதரைக் கொன்றுவிட்டுக் களையெடுத்தோம் என்றுதான் சொல்லின. சொற்கள் அப்பாவிகள் அல்ல. பூச்சியைக் கண்டு அருவருக்கும் சிரிப்பும் இருக்கிறது, கைமாற்றுக் கேட்பவனைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பும் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் நான் நினைத்திருந்த அளவு தூரம் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஜேர்மனியின் 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் எடுத்த அளவீடுகளின்படி, 27 ஆண்டுகளில் பறக்கும் பூச்சிகளின் மொத்த நிறை 75 வீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது என்று 2017இல் வெளியான ஆய்வு சொன்னது. அடுத்த ஆண்டு, 2018இல், தென் பிரான்சின் லு போசே கிராமத்துக்கு விடுமுறைக்கு வந்த சிலர், சிள்வண்டுகளின் சத்தம் தாங்கவில்லை, மருந்தடித்து நிறுத்துங்கள் என்று நகரபிதாவிடம் கேட்டார்கள். 2021 ஜனவரியில் நாட்டுப்புறத்தின் ஒலிகளையும் மணங்களையும் மரபுச் செல்வமாகக் காக்கச் சட்டமே இயற்றவேண்டி வந்தது.

இந்தச் செய்தியை வைத்துத்தான் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு நான் ஒரு பாட்டுக் கட்டினேன். சிள்வண்டு சொல்வதாக, ஃபாப்ரின் கணக்கை வைத்து:

நாலு வருஷம் மண்ணுக் குள்ளே
நாக்கை அடக்கிக் கிடந்தேன் நான்;
ஐந்து கிழமை பாட வந்தால்
அறுவை போதும் என்கின்றீர்!

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. அப்போது பின்வாங்கில் இருந்த ஒன்பது வயதுப் பெடியன் கேட்டான்: "சேர், சிள்வண்டுக்கு நாக்கு இருக்கோ?"

லா ஃபொந்தேனின் சிள்வண்டுக்குத் தானியம் தின்ன வாய் இல்லை என்று இவ்வளவு எழுதிய நான், அதற்கு ஒரு நாக்கைக் கொடுத்திருக்கிறேன். சமாளிக்கப் பார்த்தேன். நாக்குப் போன்ற ஒரு பகுதி பூச்சிகளின் வாயில் உண்டு, கரப்பானில் அதைத் தனியே எடுத்து ஒட்டலாம், ஆனால் சிள்வண்டில் அது ஊசிக்குழாயோடும் உமிழ்நீரை இறைக்கும் பம்பியோடும் சேர்ந்துவிட்டது என்றேன். பாடுவதற்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டேன். ஆணின் வயிற்றின் இரு பக்கத்திலும் விறைப்பான ஒவ்வொரு தகடு உண்டு. தசை அதை உள்ளே இழுத்து விட, தகரப் பேணியின் மூடி போல அது கிளிக் கிளிக் என்று மடங்கி நிமிர்கிறது. வயிற்றின் பெரும்பகுதி வெறும் காற்றறை, அதுதான் சத்தத்தைப் பெருக்குகிறது.

"அப்ப அது வயித்தாலையோ பாடுது?"

"ஓம். வெறும் வயித்தாலை."

அப்போது வந்த சிரிப்பு எனது பாட்டுக்கு வந்த சிரிப்பைவிடப் பெரிது. என் கற்பனையில் உதித்த நாக்கைவிட, உண்மையான வயிறு வேடிக்கையாக இருந்தது. அன்றுதான் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. பூச்சியைப் பற்றிய பாட்டில் பிழை வரலாம், அது பெரிய குற்றமல்ல. அந்தப் பிழையைக் கேள்வியால் திருத்தப் பிள்ளைக்கு இடம் விட்டிருக்கிறதா என்பதுதான் கேட்கவேண்டியது. நீதியோடு முடியும் பாட்டில் அந்த இடம் இல்லை. எறும்பு சொல்லும் கடைசிப் பதிலுக்குப் பிறகு யாரும் எதுவும் கேட்க முடியாது. அதனால்தான் உடுப்பு மாற்றும் அறையில் நானும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அதே பெடியன் ஒரு தீப்பெட்டியோடு வந்தான். உள்ளே பாரிசின் தியேல் மரங்களின் அடியில் கூட்டமாக இருக்கும் சிவப்பும் கறுப்புமான பூச்சி. பிரெஞ்சுப் பிள்ளைகள் அதைப் பொலிஸ்காரன் என்று அழைப்பார்கள். "இதுக்கும் ஊசி வாயோ?" என்று கேட்டான். ஊசி வாய்தான். சிள்வண்டும் அதுவும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. அந்த வரிசையின் இலத்தீன் பெயரை நான் அவனுக்குச் சொல்லவில்லை. மற்றப் பிள்ளைகள் பொலிஸ்காரனைப் பார்க்க முண்டியடித்தார்கள். பார்த்து முடிந்ததும் அதைக் கொண்டுபோய் மரத்தடியில் விட்டுவிட வேண்டும் என்று அவனே சொன்னான்.

மாலி நாட்டு இளைஞனை நான் பிறகு காணவில்லை. தொழிற்சாலையில் வேறொருவன் அவன் இடத்தில் நிற்கிறான், பாடுவதில்லை. மேற்பார்வையாளர் இன்னமும் என்னை எறும்பு என்கிறார். சிள்வண்டின் கிணற்றை எறும்புகள் பறித்த கதையை ஒருநாள் தேநீர் வேளையில், எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், அந்த மூத்த தொழிலாளிக்குச் சொன்னேன். சிறுநீர் பாய்ச்சும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உண்மையாகவா?" என்று கேட்டார்.